வாசித்த நாளின் முத்திரை

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவனாக இருந்த காலத்தில், விடுமுறை நாட்களில் நூலகத்திற் பணி செய்து சிறு ஊதியம் பெறும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இரவல் கொடுக்கப்படும் நூல்களின் இறுதிப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும் திகதித் தாளில் முத்திரை குத்துவதே எனது முதன்மையான வேலை. ஊதா மை, மரப்பிடி கொண்ட இறப்பர் முத்திரை, காலைதோறும் விரலால் திருப்பி வைக்கவேண்டிய நாளும் மாதமும் ஆண்டும் ஆகியவை இன்றும் என் நினைவில் உள்ளன.

ஒரு முறை தட்டுகளில் இடம் போதாமையால், பத்தாண்டுகளாக முத்திரை விழாத நூல்களை இனங்கண்டு பட்டியலிடுமாறு பணிக்கப்பட்டேன். மூன்று நாட்கள் முயன்று பட்டியலைத் தயாரித்து, மூத்த நூலக உதவியாளர் ஒருவரிடம் பெருமிதத்துடன் கொண்டு சென்றேன். அவர் அதனை வாசிக்கவில்லை. என்னைத் தட்டுகளுக்கிடையே அழைத்துச் சென்று, பட்டியலில் இருந்த ஒரு நூலை எடுத்து, அதன் மேல்விளிம்பை விரலால் தடவிக் காட்டினார். அதிலே தூசு இல்லை. பக்கங்களின் ஓரம் பலர் கை பட்டுக் கறுத்திருந்தது. "தம்பி, இது வீட்டுக்குப் போற புத்தகம் இல்லை. இங்கேயே இருந்து வாசிக்கிற பிள்ளையள் எடுக்கிறது. முத்திரை, வெளியில போன நாளைத்தான் சொல்லும், வாசிச்ச நாளை அதுக்குத் தெரியாது" என்றார். அன்று மாலைக்குள் எனது பட்டியல் பாதியாகச் சுருங்கிற்று.

அப்பாடத்தை நான் நன்கு கற்றுக்கொண்டதாகவே நெடுங்காலம் நம்பியிருந்தேன். ஆயின், ஆண்டுகள் பல கழிந்து, ஒரு பீடத்தின் கணினி ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாக இருந்த வேளையில், அதனை முற்றாக மறந்து ஒரு பிழை செய்தேன். அப்பிழையின் விலையைச் செலுத்தியவர் நான் அல்லேன். இறுதியாண்டு மாணவி ஒருவர். நடந்ததை விளக்குவதற்குக் கணினிக் கோப்புகள் பற்றிய சில செய்திகளை முதலிற் கூறவேண்டியுள்ளது. அத்துறை சாராத வாசகர் சற்றுப் பொறுத்தருள்வாராக.

யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோரின் முயற்சியால் 1969ஆம் ஆண்டு தொடக்கம் உருப்பெற்றது. அதன் வழியில் வந்த முறைமைகள், இன்று பெருவழக்கில் உள்ள லினக்ஸ் உட்பட, ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று நேரக் குறிகளைப் பேணுகின்றன. கோப்பின் உள்ளடக்கம் இறுதியாக மாற்றப்பட்ட நேரம் ஒன்று. உரிமையாளர், அனுமதி முதலான விபரங்களுடன் கூடிய கோப்பின் குறிப்பேடு இறுதியாக மாறிய நேரம் மற்றொன்று. கோப்பு இறுதியாக வாசிக்கப்பட்ட நேரம் மூன்றாவது. இம்மூன்றும் 1970 சனவரி 1ஆம் திகதி தொடக்கம் கழிந்த செக்கன்களாக எண்ணப்பட்டு, கோப்பின் குறிப்பேட்டிலே பொறிக்கப்படுகின்றன. முதலிரண்டும் ஒருவர் ஏதேனும் ஒன்றைச் செய்தமையைக் காட்டுவன. மூன்றாவதோ, ஒருவர் எதனையும் மாற்றாது வெறுமனே பார்த்தமையைக் காட்டுவது. கணினித்துறையினர் அதனை 'ஏ-டைம்' என்பர். இங்கு வாசித்த நேரம் என்றே குறிப்பிடுவேன்.

வாசித்த நேரத்தைப் பதிவதிற் பயனில்லாமல் இல்லை. நெடுநாள் தொடப்படாத கோப்புகளைக் காந்த நாடாவுக்கு மாற்றி வன்தட்டில் இடம் தேடிய காலத்தில் அது இன்றியமையாத சான்றாக இருந்தது. மின்னஞ்சல் வாசிக்கும் சில மென்பொருள்கள், அஞ்சற் கோப்பு மாறிய நேரம் வாசித்த நேரத்துக்குப் பிந்தியதாயின் புதிய கடிதம் வந்துள்ளது எனக் கொண்டன. பயன் இவ்வாறிருக்க, அதற்குரிய விலையும் இருந்தது. வாசிக்கும் ஒவ்வொரு முறையும் எழுதவேண்டும் என்பதே அவ்விலை.

இவ்விலையை நான் நேரிற் கண்டது 2011ஆம் ஆண்டிலாகும். எமது ஆய்வுகூடத்தில் 40 கணினிகள் இருந்தன. மாணவரின் கோப்புகள் யாவும், ஐந்து வன்தட்டுகளை ஒருங்கிணைத்த ஒரே சேவையகத்தில் இருந்தன. கணினிகளுக்கும் சேவையகத்துக்கும் இடையே என்.எவ்.எஸ். எனப்படும் வலையமைப்புக் கோப்பு முறைமை செயற்பட்டது. 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய இம்முறைமையில், தொலைவிலுள்ள சேவையகத்தின் கோப்பு, மாணவனின் கணினியிலேயே உள்ளது போலத் தோன்றும். காலை எட்டு மணிக்கு வகுப்புத் தொடங்கியதும் நாற்பது பேரும் ஏறத்தாழ ஒரே வேளையில் உள்நுழைவர். அப்போது எல்லாத் திரைகளும் உறைந்துவிடும். நான்கு நிமிடங்கள், சில நாட்களில் ஐந்து நிமிடங்கள், மாணவர் கைகட்டி இருப்பர். சேவையகத்தின் வன்தட்டு விளக்குகளோ ஓயாது கண்சிமிட்டிக் கொண்டிருக்கும்.

முதலில் நினைவகம் போதவில்லை என எண்ணி, பீடாதிபதியிடம் மன்றாடி, சேவையகத்தின் நினைவகத்தை இரட்டிப்பாக்கினேன். கோப்பொன்றை ஒருமுறை வன்தட்டிலிருந்து எடுத்தபின் அதன் படியைச் சேவையகம் தனது நினைவகத்திற் பதுக்கி வைத்துக்கொள்ளும். அடுத்த முறை கேட்பவருக்கு அங்கிருந்தே கொடுக்கும். இப்பதுக்கல் பெருகினால் வன்தட்டுக்கு ஓய்வு கிடைக்கும் என்பது எனது கணிப்பு. பணம் செலவாயிற்று, தாமதம் குறையவில்லை.

பின்னர், வன்தட்டுகள் என்னதான் செய்கின்றன என்பதை ஓர் இரவு முழுதும் அளந்து பார்த்தேன். எவரும் எதையும் எழுதாது கோப்புகளை வாசிக்க மட்டுமே செய்த வேளையிலும், வன்தட்டுகள் எழுதிக்கொண்டிருந்தன! நினைவகத்தை எவ்வளவு பெருக்கினாலும் ஏன் பயனில்லை என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. வாசிப்பின் பாரத்தைப் பதுக்கல் தாங்கிக்கொள்ளும். வாசித்த நேரத்தைப் பொறிக்கும் பாரத்தை, இறுதியில் வன்தட்டே தாங்கவேண்டும். கோப்பின் உள்ளடக்கம் நினைவகத்திலிருந்தே வழங்கப்பட்டாலும், அது வழங்கப்பட்ட செய்தி வன்தட்டுக்குச் சென்றே ஆகவேண்டும்.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன் எடுக்கும். வேண்டிய இடம் தலையின்கீழ் வரச் சராசரியாக அரைச்சுற்று, அதாவது 4 மில்லிசெக்கனுக்குச் சற்று மேல், காத்திருக்க வேண்டும். தலை நகர்வதற்கு மேலும் எட்டு அல்லது ஒன்பது மில்லிசெக்கன் செல்லும். எனவே, சிதறிக் கிடக்கும் சிறு சிறு வேலைகளாயின், செக்கனுக்கு ஏறத்தாழ 80 வேலைகளையே ஒரு வன்தட்டு செய்ய இயலும். எமது ஐந்து வன்தட்டுகளும், ஒன்று பழுதாயினும் தரவு அழியாவண்ணம் சரிபார்ப்புத் தகவலைப் பகிர்ந்து வைத்திருந்தன. அத்தகைய அமைப்பில் ஒரு சிறு எழுத்து வேலைக்குப் பழைய தரவையும் பழைய சரிபார்ப்பையும் வாசித்து, புதியன இரண்டையும் எழுதவேண்டும். ஒன்று நான்காகிறது. அன்றியும், ஒரு குறிப்பேட்டில் சில பைற்றுகளே கொண்ட நேரக் குறியை மாற்றுவதற்கு, அதனைச் சுற்றியுள்ள 4,096 பைற்றுத் துண்டு முழுவதையும் எழுதவேண்டியிருந்தது. உள்நுழையும் மாணவர் ஒருவருக்காக 300 சிறு கோப்புகள் வாசிக்கப்படுமெனக் கொண்டால், நாற்பது பேருக்கும் 12,000 குறிகள். முறைமை இவற்றைச் சிறிது நேரம் திரட்டி வைத்து ஒன்றாக எழுத முயலும் என்பது உண்மையே. எனினும் எட்டு மணிக் கூட்டத்தில் அது போதவில்லை.

இது எமது ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரிய குறையன்று. 2007இல் லினக்ஸ் உருவாக்குநரிடையே இது பெரும் விவாதமாயிற்று. வாசித்த நேரத்தை இடையறாது பொறிப்பதே லினக்ஸின் வேகத்துக்கு நேர்ந்துள்ள மிகப் பெரிய கேடு என இங்கோ மோல்னார் என்னும் நிரலாளர் வாதிட்டார். அவ்வாண்டிலேயே இடைவழி ஒன்று அறிமுகமாகி, 2009இல் வெளியான 2.6.30ஆம் பதிப்பு முதல் அது வழக்கமான நடைமுறையாயிற்று. கோப்பு இறுதியாக மாறியபின் முதன்முறை வாசிக்கப்படும்போதோ, முன்னைய குறி 24 மணித்தியாலத்துக்கு மேற்பட்டதாக இருக்கும்போதோ மட்டும் புதிய குறியைப் பொறிப்பது அந்நடைமுறை. இதனால் அஞ்சல் மென்பொருள்களின் தேவையும் நிறைவேறிற்று, வன்தட்டும் பிழைத்தது.

எமது சேவையகத்தில் இருந்ததோ பழைய முறைமை. அதிலே, வாசித்த நேரத்தைப் பொறிக்கவே வேண்டாம் என்று கட்டளையிடும் வழி ஒன்று உண்டு. நான் அதனை முதலில் நாற்பது கணினிகளிலும் சென்று இட்டேன். ஒரு மாற்றமும் நிகழவில்லை. என்.எவ்.எஸ். வழியாக வரும் கோப்புக்கு அக்கட்டளையைப் பயனர் கணினியில் இடுவதால் எவ்விளைவும் இல்லை என்பது கையேட்டிலேயே தெளிவாகக் கூறப்பட்டிருக்கிறது. குறியைப் பொறிப்பது சேவையகம், அதற்கே சொல்லவேண்டும். 2011 ஒக்ரோபர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை சேவையகத்தில் அக்கட்டளையை இட்டேன். திங்கட்கிழமை காலை நாற்பது பேரும் ஒரு நிமிடத்துக்குள் உள்நுழைந்தனர். விரிவுரையாளர் பலர் பாராட்டினர். நானும் மகிழ்ந்தேன்.

வேகம் கூடியபின் எஞ்சியிருந்த இன்னொரு தடையும் வெளிப்பட்டது. பாடக் கோப்புகள் அடங்கிய பொதுக் கோப்புறையை, மணித்தியாலத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியிலிருந்து முழுமையாகப் படியெடுத்து இடும் சிறு நிரல் ஒன்றை எவரோ எழுதி வைத்திருந்தனர். அது படியெடுக்கும்போது பழைய திகதியைப் பேணவில்லை. உள்ளடக்கத்தில் ஓர் எழுத்தும் மாறாத கோப்புகள் மணித்தியாலந்தோறும் 'இப்போதே மாற்றப்பட்டவை' ஆயின. இதன் விளைவை விளங்கிக்கொள்ள, பயனர் கணினியின் பதுக்கல் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறியவேண்டும். சேவையகம் நினைவகத்திற் பதுக்குவது போலவே, ஒவ்வொரு பயனர் கணினியும் தான் பெற்ற கோப்பின் படியைத் தன்னிடம் பதுக்கி வைத்துக்கொள்ளும். கோப்பை மீண்டும் திறக்கும்போது, "இது மாறிற்றா?" என்று மட்டும் சேவையகத்திடம் வினவும். விடையாக வருவன கோப்பின் அளவும் நேரக் குறிகளுமே. அவை முன்னிருந்தவாறே இருப்பின் கையிலுள்ள படியைப் பயன்படுத்தும். மாறியிருப்பின் படியை எறிந்துவிட்டு முழுவதையும் மீளப் பெறும். லினக்ஸில், வினவிப் பெற்ற விடையையும் வழக்கமாக 3 செக்கன் முதல் 60 செக்கன் வரை நம்பி வைத்திருக்கும். எமது நாற்பது கணினிகளும் மணியடித்தாற் போல மணித்தியாலந்தோறும் தம் படிகளை எறிந்து, அதே கோப்புகளை மீண்டும் கேட்டுக்கொண்டிருந்தன. மாறியவற்றை மட்டும், உரிய திகதியுடன் படியெடுக்குமாறு நிரலைத் திருத்தியதும் அத்தடையும் நீங்கிற்று.

இதன் மறுபக்கமும் உண்டு. பழைய கோப்பு முறைமைகள் பல நேரத்தை முழுச் செக்கனாகவே பதிந்தன. ஒரே செக்கனுக்குள் ஒரு கோப்பு இருமுறை மாறினால், இடையில் வாசித்தவரின் கணினி இரண்டாம் மாற்றத்தை அறியாது பழைய படியையே வைத்திருக்கக்கூடும். இதனாலேயே என்.எவ்.எஸ். நான்காம் பதிப்பு, நேரத்தை நம்பாது, மாற்றந்தோறும் மாறும் தனியான எண் ஒன்றைப் புகுத்திற்று. 2025 சனவரியில் வெளியான லினக்ஸ் 6.13ஆம் பதிப்பிலே, ஒருவர் நேரக் குறியைக் கேட்டறிந்தபின் நிகழும் மாற்றத்துக்கு மட்டும் நுண்ணிய நேரத்தைப் பொறிக்கும் ஏற்பாடு சேர்ந்துள்ளது. நாற்பது ஆண்டுகளாக இத்துறையினர், எந்தக் குறியை எவ்வளவு நம்பலாம், அதைப் பொறிக்க எவ்வளவு செலவிடலாம் என்ற இவ்விரு வினாக்களுக்கே விடை தேடி வருகின்றனர் எனலாம்.

2012ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் சேவையகத்தின் கொள்ளளவில் 96 வீதம் நிரம்பிவிட்டது. புதிய வன்தட்டு வாங்கப் பணமில்லை. பயன்படுத்தப்படாத கோப்புகளை நீக்கலாம் என்ற யோசனையைப் பீடத்தின் குழுவொன்றில் முன்வைத்தேன். 'பயன்படுத்தப்படாதவை' என்பதற்கு வரைவிலக்கணம் கேட்டனர். கடந்த 180 நாட்களில் மாற்றப்படாமலும் வாசிக்கப்படாமலும் இருப்பவை என்றேன். அவர்களுக்கு அது நியாயமாகப்பட்டது. எனக்கும் அவ்வாறே பட்டது. பயன்படுத்தப்படாத கோப்புகள் ஓகஸ்ட் முதல் வாரத்தில் நீக்கப்படும் என்ற அறிவித்தல் இரண்டு வாரங்கள் பலகையில் தொங்கிற்று. குறித்த நாளின் இரவு நிரலை இயக்கினேன். வன்தட்டில் மூன்றிலொரு பங்கு வெறுமையாயிற்று. எதிர்பார்த்ததைவிட அதிக இடம் கிடைத்ததே என மகிழ்ந்தேனேயன்றி, ஏன் அவ்வளவு என்று ஐயுறவில்லை.

மறுநாட் காலை மாணவி ஒருவர் என் அறை வாசலில் நின்றார். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயில்பவர். மட்டக்களப்பு வாவிக்கரை மீனவரிடையே காற்று, நீரோட்டம், வலை ஆகியவை பற்றி வழங்கும் சொற்களைத் தொகுத்து ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தார். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என நாம் பொதுவில் அறிந்த காற்றுப் பெயர்களுக்கு இடையே, முதியவர் சிலர் மட்டும் அறிந்த நுண்ணிய வேறுபாடுகள் உள்ளன என்பதே அவரது ஆய்வின் மையம். 21 முதியவர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்து, சனவரி மாதத்திற் சேவையகத்திலே இட்டிருந்தார். சுருக்கப்படாத ஒலிப்பதிவு மணித்தியாலம் ஒன்றுக்கு ஏறத்தாழ 635 மெகாபைற்று இடம் பிடிக்கும். மாணவருக்குரிய தனிக் கோப்புறையில் அது கொள்ளாதாகையால், ஆய்வுப் பொதுக் கோப்புறையில் வைக்குமாறு கூறியவனும் நானே. அப்பொதுக் கோப்புறைக்குக் காப்புப்படி எடுக்கும் ஏற்பாடு இருக்கவில்லை.

"சேர், என்ட பதிவுகளைக் காணேல்ல" என்றார். அறிவித்தலைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். அவ்வினாவை நினைக்குந்தோறும் இன்றும் நாணுகிறேன். "பார்த்தனான் சேர். நான் ஒவ்வொரு நாளும் கேட்டு எழுதிற கோப்புத்தானே, அதுக்கு ஒண்டும் ஆகாது எண்டு நினைச்சன்" என்றார்.

அவர் கூறியதில் ஒரு பிழையும் இல்லை. முந்திய நாள் மாலை வரையும் காதிற் கேட்பியை மாட்டிக்கொண்டு, அப்பதிவுகளை ஓடவிட்டும் நிறுத்தியும் எழுத்தில் வடித்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒலிப்பதிவு, கட்டுரையைப் போல நாளும் மாற்றப்படுவதன்று, கேட்கப்படுவது மட்டுமே. ஆகவே மாற்றிய நேரம் சனவரியிலேயே நின்றது. வாசித்த நேரமும் சனவரியிலேயே நின்றது. ஏனெனில், அதனைப் பொறிக்கவேண்டாம் என முந்திய ஒக்ரோபரிற் கட்டளையிட்டவன் நான். பத்து மாதங்களுக்கு முன் முத்திரையை மேசை இழுப்பறையிற் பூட்டி வைத்துவிட்டு, முத்திரை இல்லை என்பதையே காரணமாக்கி நூல்களை எரித்தவனுக்கு ஒப்பானேன். பீடத்திலே எழுதப்பட்டுக்கொண்டிருந்தவை யாவும் அன்றிரவு பிழைத்தன, வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தவை அழிந்தன. பாட நூல்களின் படிகள், படங்கள், தரவுத் தொகுதிகள் எனப் பிறருடையவும் பல போயின. அவை வேறிடங்களிலிருந்து மீளக் கிடைத்தன. இம்மாணவியின் பதிவுகளுக்கு வேறிடம் இல்லை. துறையில் இரவல் பெற்ற ஒலிப்பதிவுக் கருவியை அவர் எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த மாணவர் அதிலே தமது பதிவுகளைச் செய்துவிட்டார்.

சேவையகத்தை உடனே நிறுத்தி, அழிந்ததை மீட்க முயன்றோம். நாங்கள் பயன்படுத்திய கோப்பு முறைமை, கோப்பை நீக்கும்போது அதன் துண்டுகள் எங்கெங்கே உள்ளன என்ற குறிப்பையும் சேர்த்து அழித்துவிடும். அன்றியும், இரவிலிருந்து காலைக்குள் வேறு கோப்புகள் அவ்விடங்களில் எழுதப்பட்டிருந்தன. நான்கு நாட்களின் பின் கிடைத்தவை, யாருடையவை என்று அறியமுடியாத சில குரல் துணுக்குகளே.

21 பேரில் 14 பேரின் பேச்சு ஏலவே கொப்பிகளில் எழுதப்பட்டிருந்தது. ஏழு பேரின் பேச்சு முற்றாக இழக்கப்பட்டது. கருவியைச் சுமந்துகொண்டு நானும் மாணவியுடனும் அவரது தமையனுடனும் பேருந்தேறி அவ்வூர்களுக்குச் சென்றேன். ஐவர் மீண்டும் பேசினர். ஒருவர் வைகாசி மாதத்திற் காலமாகியிருந்தார். அவருடைய மனைவி, "அவர்ட குரல் உங்கட்ட இருக்குத்தானே பிள்ளை?" என்று கேட்டார். மாணவி என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்லும் கடமை எனதாயிற்று. இன்னொருவர், சொன்னதையே திரும்பச் சொல்ல என்ன இருக்கிறது என்று கூறி, வலையைப் பின்னிக்கொண்டேயிருந்தார். அவரை வற்புறுத்த எங்களுக்கு மனமில்லை.

ஆய்வேடு உரிய காலத்திற் சமர்ப்பிக்கப்பட்டு நல்ல பெறுபேறும் பெற்றது. எனினும், 14 பேரின் எழுத்துவடிவம் எஞ்சியதேயன்றிக் குரல் எஞ்சவில்லையாதலால், உச்சரிப்புப் பற்றிய இயல் கைவிடப்பட்டது. ஆய்வுமுறை பற்றிய பகுதியில், இருவரது ஒலிப்பதிவுகள் தொழினுட்பக் காரணத்தால் இழக்கப்பட்டன என ஒரு வரி உண்டு. அம்மாணவியின் பெருந்தன்மை அவ்வரியில் இருக்கிறது. அத்தொழினுட்பக் காரணம் நான்.

இதன் பின்னர் ஒரு வினா என்னை நெடுநாள் வருத்திற்று. வாசித்த நேரத்தைப் பொறிக்கும் ஏற்பாட்டை நான் நிறுத்தாதிருந்தால் அப்பதிவுகள் பிழைத்திருக்குமா? முழுமையான உறுதி இல்லை என்பதே விடை. பயனர் கணினி தன்னிடம் பதுக்கிய படியிலிருந்து வாசிக்கும்போது, அவ்வாசிப்பைச் சேவையகம் அறியாது. மாறிற்றா என்ற வினா மட்டுமே அதனிடம் வரும். வினவுவது வாசிப்பாகப் பதியப்படுவதில்லை. பதுக்கல் எவ்வளவு சிறப்பாக இயங்குகிறதோ, அவ்வளவுக்குச் சேவையகத்தின் பார்வையிலிருந்து வாசகர் மறைகிறார். மிக அதிகமாக வாசிக்கப்படும் கோப்பே ஒருவேளை மிகக் குறைவாக வாசிக்கப்பட்டதாகத் தோன்றலாம். ஆயினும் அம்மாணவி பயன்படுத்திய கணினி மாலைதோறும் அணைக்கப்பட்டது. அணைத்ததும் அதன் நினைவகத்திற் பதுங்கிய படிகள் அழியும். மறுநாட் காலை முதல் வாசிப்பு சேவையகத்துக்கு வந்தே தீரும். எனவே, 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை குறி பொறிக்கும் அந்த இடைவழி எம்மிடம் இருந்திருந்தால், அவரது பதிவுகள் அன்றிரவு பிழைத்திருக்கும். நானோ இரு அந்தங்களை மட்டுமே அறிந்திருந்தேன். எல்லாவற்றையும் பொறிப்பது மாணவரைக் காக்கவைத்தது. எதையும் பொறியாது விடுவது அவர்களை விரைவாக உள்ளே அனுப்பிற்று. ஆனால் அவர்கள் உள்ளே வந்ததற்குச் சான்றில்லாமற் செய்தது.

பொறிப்பதை நிறுத்தியதைப் பிழையென்று இன்றும் நான் கருதவில்லை. அன்றைய சேவையகத்துக்கு அது ஏற்ற முடிவே. நிறுத்தியதை எங்கும் எழுதி வைக்காததும், பின்னர் அந்தக் குறியையே சான்றாகக் கொண்டதுமே பிழை. கோப்பின் குறிப்பேட்டில் ஒரு திகதி எப்போதும் இருக்கும். அது இன்றும் பேணப்படும் திகதியா, பேணுவது நின்றுபோன திகதியா என்பதை அத்திகதியே சொல்லாது. கடிகாரம் நின்ற வீட்டிலும் முட்கள் ஏதோ ஒரு நேரத்தைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும்.

அதன்பின் நான் பணியாற்றிய இடங்களிலெல்லாம் சில ஒழுங்குகளைக் கைக்கொண்டு வருகிறேன். நீக்கவேண்டியவை என்று தோன்றுவனவற்றை நீக்காமல் வேறிடத்துக்கு நகர்த்தி, ஒரு முழுத் தவணை அங்கேயே விட்டுவைப்பேன். உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் அவரவர் கோப்புகளின் பெயர்ப்பட்டியலை அனுப்புவேன். 'பயன்படுத்தப்படாதவை' என்ற சொல்லை அறிவித்தலில் எழுதுவதில்லை. பதிவு முறையில் செய்யும் எந்த மாற்றத்தையும் திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதி, அடுத்துப் பொறுப்பேற்பவர் காணுமாறு சேவையகத்தின் அருகிலேயே வைப்பேன். காப்புப்படி இல்லாத இடத்தில் ஒரு மாணவரின் கோப்பை வைக்குமாறு கூறுவதில்லை. இவற்றில் எதுவும் அரிய கண்டுபிடிப்பன்று. நூலகத்தில் முத்திரை குத்திய அந்த விடுமுறையிலேயே நான் அறிந்திருந்தவைதாம்.

அண்மையில் அந்நூலகத்துக்குச் சென்றிருந்தேன். இரவல் வழங்கல் இப்போது கணினி வழியாக நடைபெறுகிறது. திகதித் தாள்கள் ஒட்டப்படுவதில்லை. அன்று பட்டியலிலிருந்து தப்பிய நூலைத் தேடினேன். அதே தட்டில், சற்று மேலும் கறுத்த விளிம்புடன் இருந்தது. அதன் பழைய திகதித் தாளில் இறுதியாக விழுந்திருந்த முத்திரை, நான் பிறப்பதற்கு முந்தியது. மேல்விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன். தூசு இல்லை.